‘போதும்ப்பா’ என்றால் கை நிற்கட்டும்

ஆடிப்பெருக்கன்று முசிறி காவிரிக்கரையில் நிற்க இடமிருக்காது. படையல் முடிந்து, மஞ்சள் கயிறு கட்டி, காப்பரிசி கைமாறும் நேரம். வெகுநாள் கழித்துப் பார்த்த பெரியப்பா ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையிடம் கன்னத்தைக் காட்டி, “எங்கே, பெரியப்பாவுக்கு ஒரு முத்தம்” என்றார். அது அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. “குடுடி, பெரியப்பா கோவிச்சுக்குவாரு” என்று அம்மா முன்னால் தள்ளினார். பாட்டிதான் குறுக்கே வந்தார்: “புள்ளைக்குப் புடிக்கலைன்னா விடு. கும்பிடு போடு சாமி, அது போதும்.” பிள்ளை கைகூப்பியது. பெரியப்பாவும் சிரித்தபடி கும்பிட்டார். மரியாதை எங்கும் குறைந்துவிடவில்லை.

கட்டாய முத்தம் கற்றுத்தருவது

பாட்டி குறுக்கே வராவிட்டால் அந்தப் பிள்ளை என்ன கற்றிருக்கும்? பெரியவர் மனம் நோகக்கூடாது என்றால், உடம்பு கூசினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பியவர்கள். ‘தெரியாதவங்க கிட்ட மிட்டாய் வாங்காதே’ என்ற ஒற்றை எச்சரிக்கை எப்படிப் போதும்?

முறை சொல்லிக் கேலி

காதுகுத்தில், கல்யாண வீட்டில், மாமன் மகனைக் காட்டி, “உன்னைக் கட்டிக்கப்போறவன்டி, ஓடாதே” என்பது நமக்கு விளையாட்டு. ஏழு வயதுப் பெண்பிள்ளை கூனிக்குறுகிப் போகிறாள். பக்கத்தில் நிற்கும் பையனோ, அவள் மேல் தனக்கு ஏதோ உரிமை இருப்பதாக நினைக்கத் தொடங்குகிறான். இந்தக் கேலியை நாம் விட்டே ஆக வேண்டும். ‘வேண்டாம்’ சொல்லப் பெண்ணுக்குப் பழக்கும் வீட்டில், அதைக் கேட்டு விலகவும் பையனுக்குப் பழக்க வேண்டும். அக்கா பென்சிலைக் கேட்டு எடு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ என்பதில் தொடங்கலாம். பதினேழு வயதில் ஒரு பெண் ‘எனக்கு மெசேஜ் போடாதே’ என்றால், அவன் அதோடு நிறுத்திக்கொள்வது இந்தப் பழக்கத்தில்தான்.

பிள்ளை வாய் திறந்தால்

திடீரென்று ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம், காரணம் தெரியாத வயிற்றுவலி, விட்டுப்போன பிறகு மறுபடி படுக்கை நனைத்தல் ஆகியவை சீண்டலின் அறிகுறியாக இருக்கலாம்; வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “நீ ஏன் அங்கே போனே?” என்று கேட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும். “சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு, உன் மேல தப்பே இல்லை” என்பதுதான் முதல் மருந்து. பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். பள்ளி தொடர்பானது என்றால் 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் பொருந்தும். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் அதில் குற்றம்.

கிச்சுகிச்சு

இன்று ராத்திரியே தொடங்க ஒரு விளையாட்டு உண்டு. அப்பா கிச்சுகிச்சு மூட்டுகிறார். பிள்ளை உருண்டு உருண்டு சிரிக்கிறது. நடுவே மூச்சுவாங்க, “போதும்ப்பா” என்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது ‘போதும்’தான். அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். பிள்ளை ஆச்சரியமாகப் பார்க்கும். கொஞ்சம் பொறுத்து, அதுவே கிட்டே வந்து கேட்கும்: “இன்னொரு தடவைப்பா.”