பட்டுப்போனதென்று பிடுங்க வேண்டாம்
கோடை முடிவில் வளவுப் பூஞ்செடிகளைக் காப்பாற்றும் வழிகள்

புரட்டாதி மாதக் கடைசியில் வடக்குக் கிழக்கில் எந்த வளவுக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். மாதக் கணக்கில் நல்ல மழையைக் காணாத மண் வெடித்துக் கிடக்கும். சோழகக் காற்றுக் கிளப்பிய புழுதி இலைகளில் படிந்திருக்கும். கிணற்றடிச் செவ்வரத்தை வெறும் தடியாய் நிற்கும். வேலியில் படர்ந்த கொடி இருந்த இடமே தெரியாது. மாரி தொடங்குமுன் வளவைத் துப்புரவாக்க வேண்டுமென்று மண்வெட்டியையும் கத்தியையும் எடுப்போம். பட்டுப்போனவையோடு உயிருள்ளவற்றையும் சேர்த்துப் பிடுங்கி எரித்துவிடுவது இந்த நாட்களில்தான்.

சோளம், பயறு போன்றவை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பல்லாண்டுச் செடிகள் அப்படியல்ல. தண்ணீர் குறையும்போது இலையை உதிர்த்து, மொட்டை உதிர்த்து, உயிரை வேரிலும் தண்டிலும் கிழங்கிலும் ஒடுக்கி வைத்துக்கொள்கின்றன. இலையுதிர்வது சாவின் அடையாளம் அல்ல; அது செடியின் சிக்கனம். ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் அவை மீண்டும் தளிர்விட்டுப் பூக்கும்.

உயிர் உண்டா என்று அறிவது எப்படி?

தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கின்றது. கபில நிறமாய் உலர்ந்திருந்தால், இன்னும் கீழே கீறிப் பாருங்கள். நுனி பட்டிருந்தாலும் அடித்தண்டு பச்சையாக இருப்பது வழக்கம். நிலமட்டம் வரை உலர்ந்திருந்தாலும் உடனே பிடுங்காதீர்கள். முதல் மழைக்குப் பின் மூன்று நான்கு கிழமைகள் பொறுங்கள். அதற்குள் அடியிலிருந்து தளிர் வராவிட்டால் மட்டும் அகற்றலாம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, தண்ணீர். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயன் குறைவு. மேல்மண் மாத்திரம் நனைந்து மதியத்துக்குள் காய்ந்துவிடும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை, பொழுதுபட்ட பின், வேரடியில் ஒரு வாளி நீரை ஆறுதலாக ஊற்றுவது நல்லது. அரிசி கழுவிய நீரும், அதிகம் சவர்க்காரம் கலக்காத பாத்திரம் கழுவிய நீரும் இதற்குப் போதும். பழைய மண்முட்டியின் அடியில் சிறு துளையிட்டு, துணித்திரி செருகி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி செடியருகே புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சிறிது சிறிதாக வேருக்குப் போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோடை முடிவில் கரையோரக் கிணறுகள் உவராவதுண்டு. இலையின் ஓரம் மட்டும் கருகி வந்தால் நீரை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால், அந்த நீரைக் குறையுங்கள்.

இரண்டாவது, மூடாக்கு. வைக்கோல், காய்ந்த இலை, நறுக்கிய காவோலை, தேங்காய்ப் பொச்சு, எது கிடைக்கின்றதோ அதை வேரைச் சுற்றி மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இல்லையேல் கறையான் தண்டில் ஏறும்.

மூன்றாவது, கத்தரித்தல். கடும் வெயிலில் செடியை வெட்டக்கூடாது. வானம் கறுத்து, முதல் மழை நெருங்கும்போது பட்ட நுனிகளைப் பச்சை தெரியும் இடம்வரை கூரிய கத்தியால் வெட்டுங்கள். எருவை மழை பெய்து மண் நனைந்த பின்பே இட வேண்டும். நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு சிறிய கடகம் போதும். காய்ந்த மண்ணில் யூரியாவோ புதிய ஆட்டெருவோ இட்டால் வேர் கருகிவிடும்.

நம் வளவின் சில செடிகள்

செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகையால் புரட்டாதி முடிவில் அளவாக வெட்டிவிட்டால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், கார்த்திகை மார்கழியில், பூக்கத் தொடங்கும். கோடையில் இலைக்கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டும் பூச்சியைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம்.

கடதாசிப்பூ எனப்படும் போகன்விலாவுக்கு நீர்த்தட்டுப்பாடே பூக்கத் தூண்டுதலாகும். நிறமாய்த் தெரிவது உண்மையில் பூவல்ல. உள்ளேயிருக்கும் சிறு வெள்ளைப் பூவைச் சூழ்ந்த இலைகளே அவை. இதற்கு நீர் கூடினால் இலை செழிக்கும், பூ குறையும். பூத்து முடிந்த பின்பே வெட்ட வேண்டும்.

பட்டிப்பூ வரட்சியைத் தாங்கும். ஆடு மாடு கடிப்பதில்லை. விதை தானே விழுந்து முளைக்கும். வேலியில்லாத குடிசை முற்றத்துக்கு ஏற்ற செடி இது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரு மருந்துகள் இச்செடியிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஆனால் வீட்டில் கசாயமாக்கிக் குடிக்கக்கூடாது, அது நஞ்சு.

கார்த்திகைப்பூக் கொடி கோடையில் முற்றாக மறைந்து, மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். அந்த இடத்தில் ஒரு தடி நாட்டி அடையாளம் வைத்தால் மண்வெட்டி படாது. அதன் கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. சாப்பிடும் கிழங்கென்று மயங்கி உண்டவர்கள் இறந்திருக்கின்றார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அலரியும் அவ்வாறே. கோடையில் பசித்த ஆடுகளை அதன் அருகே கட்டாதீர்கள்.

முருங்கை வரட்சியின் பின் வெள்ளையாய்ப் பூத்துத் தள்ளும். அடைமழை தொடங்கினால் பூ உதிரும். உதிர முன் ஒரு பகுதியைப் பறித்து வறை செய்யலாம், மிகுதி காயாகும்.

பூவால் வயிறு நிறையுமா?

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மரவள்ளி நடவே இடமில்லாதபோது பூச்செடி எதற்கு என்று கேட்பது நியாயமே. மாரியில் நாம் நடும் பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீயும் வண்டும் வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். கோடை முடிவில் முருங்கையும் துளசியும் பூத்திருக்கும் வளவில் தேனீ தங்கும். அது அடுத்த பயிருக்கு உதவும். பூவரசின் குழை தோட்ட மண்ணில் தாழ்க்க உதவும். நவராத்திரிக்கும், நவம்பர் 2 ஆம் திகதி இறந்தோரை நினைவுகூரும் நாளுக்கும், நத்தார்ப் பீடத்துக்கும் பூ வேண்டும். சொந்த ஊரின் சேமக்காலைக்குப் போக முடியாத ஒரு தாய், தன் கையால் வளர்த்த ஒரு பூவை மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு விலை பேச முடியாது.

நாளை எழும்பச் சொன்னால்?

“இது வேறொருவர் காணி. நாளை எழும்பச் சொன்னால் எல்லாம் வீண்” என்பது பலரும் சொல்லும் வார்த்தை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 2006 இல் சம்பூரிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் எழும்பியவர்களுக்கு இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. ஆனால் பல்லாண்டுச் செடியில் ஒரு வசதி உண்டு. மரத்தை விட்டுப் போனாலும் அதன் தடியைக் கொண்டுபோகலாம்.

செவ்வரத்தையிலும் போகன்விலாவிலும் பென்சில் பருமனான, ஆறு அங்குல நீளத் துண்டுகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, மணலும் உக்கிய எருவும் கலந்து நிரப்பிய பழைய ரின்னிலோ பையிலோ நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர்விடும். முருங்கையில் மணிக்கட்டுப் பருமனான, நான்கடி நீளத் தடியை வெட்டி, மூன்றிலொரு பங்கு மண்ணுள் இருக்க நாட்டலாம். பூவரசங் கதியாலும் அப்படியே. அவசரமாகப் போக நேர்ந்தால் தடிகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டொரு நாள் தாங்கும். காணிச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி நடுவதும், போகும்போது தாய்ச்செடியை அவருக்கு விட்டுப்போவதும் நல்லுறவுக்கு உதவும்.

சொந்தக் காணிக்குத் திரும்புவோருக்கும் ஒரு வார்த்தை. வலிகாமம் வடக்கிலும் சம்பூரிலும் 2015 முதல் கட்டங்கட்டமாகக் காணிகள் கையளிக்கப்பட்டபோது, பலர் கண்டது பற்றைக்காட்டைத்தான். அப்படிப்பட்ட வளவை இயந்திரம் விட்டு ஒரேயடியாக வழிக்கு முன், கிணற்றடி, படலையடி, பழைய அத்திவாரத்தின் ஓரம் ஆகிய இடங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். அம்மா நட்ட நந்தியாவட்டையின் அடிக்கட்டை அங்கே இருக்கக்கூடும். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி செய்யப்படாத காணிக்குள் காலும் வைக்க வேண்டாம், மண்வெட்டியும் வைக்க வேண்டாம்.

லூக்கா நற்செய்தியில் வரும் அத்திமர உவமை நமக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொன்னார் சொந்தக்காரர். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி கேட்டான். மரத்துக்காக அவன் இரங்கியதோடு நிற்கவில்லை. சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் சொன்னான். நம்மிடமும் கேட்கப்படுவது அந்தப் பொறுமையும் அந்த வேலையும்தான். இந்தப் புரட்டாதியில் கத்தியை ஓங்கு முன், நகத்தால் ஒருமுறை கீறிப் பாருங்கள்.