பாஸ்போர்ட் எடுக்க பெரிய ஊருக்கு ஓட வேண்டாம்... ஆனா இனிஷியலை மட்டும் கவனிங்க!

ஆதார் கார்டில் 'கே. செல்வி'. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'செல்வி கே'. பான் கார்டில் 'செல்வி கருப்பசாமி'. மூன்றும் ஒரே ஆள்தான். ஊரில் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. ஆனால் பாஸ்போர்ட் படிவத்துக்கு முன்னால் உட்காரும்போதுதான், இதில் எதை எங்கே எழுதுவது என்று கை நின்றுவிடும்.

பாஸ்போர்ட் எடுக்க ஒரு காலத்தில் சென்னை, திருச்சி, மதுரை, கோவைனு அலைய வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்து ஊர் தபால் நிலையத்திலேயே வேலை முடிகிறது. தூரம் குறைந்துவிட்டது. விண்ணப்பத்தை இழுத்தடிப்பது பெரும்பாலும் பெயரும் முகவரியும்தான். அது பற்றித்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், எங்கே போகணும்?

தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. இவற்றின் கீழ் பாஸ்போர்ட் சேவா மையங்கள் இயங்குகின்றன. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் மையம் உண்டு. தெற்கே நெல்லையிலும், டெல்டாவில் தஞ்சாவூரிலும் உண்டு.

இது போக, 2017 முதல் தபால் நிலையங்களுக்குள்ளேயே பாஸ்போர்ட் சேவா மையங்களைத் திறந்து வருகிறார்கள். நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட மையங்கள் வந்துவிட்டன. நம்ம பக்கம் சேலம், வேலூர், தர்மபுரி, ராமநாதபுரம் போன்ற ஊர்களில் இருக்கின்றன. உங்க ஊருக்குப் பக்கத்தில் எது என்பதை பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலோ, எம்-பாஸ்போர்ட் சேவா செயலியிலோ பின்கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நேராகத் தபால் நிலையத்துக்குப் போய் ஃபாரம் கேட்டால் கிடைக்காது. ஆன்லைனில் பதிவு செய்து, பணம் கட்டி, நாளும் நேரமும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இணையதள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்க. பாஸ்போர்ட் என்ற பெயரை வைத்துக்கொண்டு அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருக்கும் போலித் தளங்கள் உண்டு என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

சொந்த ஊர் ஒன்று, வேலை பார்க்கும் ஊர் வேறா? பிரச்சினை இல்லை. 2018 ஜூன் முதல் இந்தியாவில் எந்த மையத்தில் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதைப் போலீஸ் விசாரணை பகுதியில் சொல்கிறோம்.

இனிஷியல் எனும் தலைவலி

படிவத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என இரண்டு கட்டங்கள் இருக்கும். கிவன் நேம் என்றால் உங்களுக்கு வைத்த பெயர். சர்நேம் என்றால் குடும்பப் பெயர். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே நம்மில் பலருக்குக் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நமக்கு எல்லாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.

அப்போ செல்வி என்ன செய்யணும்? கிவன் நேமில் செல்வி, சர்நேமில் கருப்பசாமி. அப்பா பெயரைச் சர்நேமாகப் போடுவதுதான் தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். ஊர் பெயர் ஒரு இனிஷியல், அப்பா பெயர் ஒரு இனிஷியல் என இரண்டு வைத்திருக்கும் பெரியவர்கள், சான்றிதழ்களில் அவை எப்படி விரிவாக இருக்கின்றனவோ அப்படியே எழுதுவது நல்லது.

'எதுக்கு வம்பு, சர்நேமை வெறுமனே விட்டுடலாமே' என்று சிலர் நினைக்கிறார்கள். விடலாம், தவறில்லை, பாஸ்போர்ட்டும் வரும். தொந்தரவு அதற்கப்புறம்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. டிக்கெட் போட்டு வைத்திருந்தவர்கள் பதறிப்போனார்கள். அப்புறம், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் இன்னொரு கூத்து. சர்நேம் இல்லாவிட்டால் உங்க பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அம்மா அப்பா வைத்த பெயர் பத்திரமாக இருந்தும் 'பெயர் தெரியாதவர்' ஆகிவிடுவீர்கள்!

அப்பா மகள் சர்நேம் வேறுவேறாக இருக்குமே என்ற கவலையும் பலருக்கு உண்டு. அப்பா 'கண்ணன் முத்துசாமி', மகள் 'யாழினி கண்ணன்'. சட்டப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. அப்பா யார், அம்மா யார் என்பதைப் படிவத்தில் தனியாகவே கேட்கிறார்கள்.

யாழினி என்றதும் ஞாபகம் வருது, ஸ்பெல்லிங். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் 'இசட்ஹெச்' போடுபவர்களும் உண்டு, 'எல்' போடுபவர்களும் உண்டு. பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருந்தால் முதலில் ஆதாரைச் சரி செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். உங்க பெயர் மட்டுமல்ல, அப்பா பெயரின் ஸ்பெல்லிங்கும் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஏன்னா, இப்போ அதுதான் உங்க சர்நேம்.

கல்யாணம் ஆன பெண்களுக்கு?

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும். பள்ளிச் சான்றிதழில் பழைய இனிஷியலே இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது இரண்டும் மோதும்.

கல்யாணம் ஆனதாலேயே பெயரை மாற்ற வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அப்பா பெயரையே சர்நேமாக வைத்துக்கொண்டு, படிவத்தில் கணவர் பெயரை அதற்குரிய இடத்தில் தெரிவிக்கலாம். ஆவணங்களையும் அதற்கேற்ப ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் போதும். கணவர் பெயரைத்தான் சர்நேமாகப் போட வேண்டும் என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் முடித்துவிட்டுப் பதிவு செய்யாமலே இருப்பவர்கள் முதலில் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

போலீஸ் எந்த வீட்டுக்கு வருவார்?

படிவத்தில் நீங்கள் கொடுக்கும் முகவரிக்கு உட்பட்ட காவல் நிலையத்துக்குத்தான் விசாரணை போகும். இப்போது யோசியுங்கள். நீங்க சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறீர்கள். ஆதார் ராமநாதபுரத்தில். தாம்பரத்தில் விண்ணப்பித்துவிட்டு, ஆதாரில் இருக்கிறதே என்று ஊர் முகவரியைப் போட்டால் விசாரணை ராமநாதபுரத்துக்குப் போகும். 'அவர் இங்க இல்லைங்க, சென்னையில இருக்கார்' என்று பக்கத்து வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம்.

அதனால் இப்போது நிஜமாக எங்கே தங்கியிருக்கிறீர்களோ அதைத்தான் தற்போதைய முகவரியாகக் கொடுக்க வேண்டும். அதற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, நடப்பில் உள்ள வங்கிக் கணக்கின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் போன்றவை உதவும். மின் ரசீது வீட்டு ஓனர் பெயரில்தான் இருக்கிறது என்றால் மற்ற இரண்டைத் தயார் செய்யுங்க.

விசாரணைக்கு வருபவருக்கு நீங்க எந்தக் கட்டணமும் தர வேண்டியதில்லை. 21 நாட்களுக்குள் அறிக்கை கொடுத்தால், ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய் என்று வெளியுறவு அமைச்சகமே மாநிலக் காவல்துறைக்குத் தருகிறது. நீங்க கட்டிய பணத்தில் எல்லாம் அடக்கம்.

உங்க மீது நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் பெற வழி இருக்கிறது. மறைத்துவிட்டு விசாரணையில் தெரியவந்தால் 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி அதுவே தனிக் குற்றம்.

எவ்வளவு செலவாகும்?

பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். 60 பக்கம் என்றால் 2,000 ரூபாய். இரண்டுமே 10 ஆண்டுகள் செல்லும். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000 ரூபாய். புதிதாக எடுக்கும் 8 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. கட்டிய பணம் திரும்ப வராது, ஆனால் ஓராண்டு வரை அதை வைத்தே வேறு தேதி வாங்கலாம்.

பத்தாம் வகுப்பு சான்றிதழை ஏன் கேட்கிறார்கள்?

வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கான சான்று இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' என்று வரும். சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

பத்தாவது பாஸ் செய்துவிட்டு, 'ஆதார் இருக்கே, போதும்' என்று மார்க் ஷீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் தேவையில்லாமல் ஈசிஆர் ஆகிவிடுவீர்கள். மார்க் ஷீட்டைக் கையோடு கொண்டு போங்க. பத்தாவது படிக்காவிட்டாலும் 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி கட்டுபவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு.

ஈசிஆர் என்பது தண்டனை இல்லை. அந்த அனுமதி, ஏமாற்று ஏஜென்ட்டிடம் சிக்காமல் இருக்க வைத்திருக்கும் ஒரு தடுப்பு. 'அதெல்லாம் வேண்டாம், டூரிஸ்ட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்' என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து உங்க பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

குழந்தைக்கு எடுக்கிறீர்களா?

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்கப்படும். அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்க. மருத்துவமனையில் பெயர் வைக்காமலே பதிவு செய்த சான்றிதழ்கள் நிறைய உண்டு. அப்படியானால் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துவிட்டு வாங்க. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ கொண்டு போக வேண்டும். மற்றவர்களுக்கு மையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

ரினியூவல் பண்ணணுமா?

நாம ரினியூவல் என்பதைப் படிவம் 'ரீ-இஷ்யூ' என்கிறது. ஒரு முறை பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அது காலாவதியாகி எத்தனை வருடம் ஆனாலும் ரீ-இஷ்யூதான். பழையது வீணாப்போச்சே என்று 'ஃபிரெஷ்' என்பதைத் தேர்வு செய்யாதீர்கள்.

காலாவதி ஆவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும் என்று கேட்கின்றன. தேதி இருக்கிறதே என்று ஏர்போர்ட் வரை போய்த் திரும்பி வர நேரிடலாம்.

பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாதவர்களுக்கு இதுதான் நல்ல சந்தர்ப்பம். காரணம் கேட்கும் இடத்தில் தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்வு செய்து, பெயரை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா இருந்தால், பெயர் மாற்றம் அதைப் பாதிக்குமா என்று அந்த நாட்டின் தூதரகத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்க.

புதிதாக வருபவை சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட்கள். சென்னை மண்டலத்தில் இது 2025 மார்ச்சில் தொடங்கியது. அட்டையின் முன்பக்கம் தங்க நிறத்தில் ஒரு சின்னம் இருக்கும். உங்க பழைய பாஸ்போர்ட் காலாவதி தேதி வரை செல்லும், இதற்காகவே மாற்ற வேண்டியதில்லை.

போஸ்ட்மேன் வரும் நாளில்...

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வரும். விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்து, ஆள் சிக்காவிட்டால் அது பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். அனுப்பியாச்சு என்று எஸ்எம்எஸ் வந்ததும் டிராக்கிங் எண்ணை வைத்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்க. கவரைப் பிரித்ததும் பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண்: 1800-258-1800.