அம்பத்தூர் பகா எண், ஆவடி பகு எண்

அம்பத்தூரின் பின்கோடு 600053. ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய இந்த முறையில் முதல் மூன்று இலக்கங்கள் சென்னை வட்டாரத்தையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் காட்டும். அஞ்சல் துறைக்கு இந்த எண்களிடம் அதற்கு மேல் வேலை இல்லை. கணிதத்துக்கு நிறையவே இருக்கிறது. 600053 ஒரு பகா எண். ஒன்றும் அதுவும் தவிர வேறெந்த எண்ணும் அதை மீதியின்றி வகுக்காது. அடுத்த எண்ணான ஆவடியோ 2 × 3 × 7 × 7 × 13 × 157 என்று உடைந்து, 48 வகுத்திகளோடு நிற்கிறது. பூந்தமல்லி 2 × 2 × 2 × 107 × 701. மின்சார ரயிலில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயல், அன்னனூர் என இரண்டு நிலையங்களாவது உண்டு. எண் வரிசையில் இடைவெளியே இல்லை. ஆனாலும் அடுத்த வீட்டை வைத்து ஓர் எண்ணின் குணத்தைச் சொல்ல முடியாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. 775ஐ 775ஆல் பெருக்கினால் 600053ஐத் தாண்டிவிடும். ஆகவே 775க்குக் கீழுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 7ஆல் வகுத்தால் மீதி 6, 13ஆல் வகுத்தால் 12, 157ஆல் வகுத்தால் 156. மூன்றும் ஒன்றே ஒன்றில் தவறுகின்றன. காரணம், அவை ஆவடியை வகுப்பவை. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இருக்கவே முடியாது. அண்டை எண் தரும் தகவல் இவ்வளவுதான்: எவை காரணி ஆகாது என்று சொல்லும், எவை ஆகும் என்று சொல்லாது.

பின்கோடு வெறும் அடையாளம்தானே, அதை வகுத்து என்ன பயன் என்று கேட்கலாம். பகா எண்ணா என்று பார்த்து யாரும் அம்பத்தூருக்கு அதைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. அதனாலேயே இவை நல்ல சோதனை எண்கள். 600001 முதல் 600100 வரை பகா எண்கள் ஆறு. 11, 43, 53, 71, 73, 91 என்று முடிபவை. இவற்றில் 71, 73 இரட்டைப் பகா எண்கள். நடுவில் அகப்பட்டிருப்பது பட்டாபிராமின் 600072. இந்த அளவுள்ள எண்களில் ஏறக்குறைய பதின்மூன்றுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்கிறது 1896இல் நிரூபிக்கப்பட்ட பகா எண் தேற்றம். அப்படியானால் நூற்றுக்கு ஏழெட்டு. நமக்குக் கிடைத்த ஆறு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் பிடிகொடுக்காத எண்கள், கூட்டமாகச் சேர்ந்தால் கணக்குக்குக் கட்டுப்படுகின்றன. இதுதான் எண் கோட்பாட்டின் பெரிய அழகு.

ஆறு இலக்கமெல்லாம் ஒரு பெரிய எண்ணா, கணினி நொடியில் உடைத்துவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். உடைத்துவிடும். ஆனால் 8, 107, 701 மூன்றையும் பெருக்குவதற்கும், 600056ஐ மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு, இலக்கங்கள் கூடக் கூட மலைபோல் வளர்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்பதை, அது எவ்வளவு பெரிதானாலும், திறம்படக் கண்டறியும் வழியைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா 2002இல் தந்தார்கள். பகு எண்ணை உடைத்துக் காரணிகளைக் காட்டுவதற்கு, இன்றைய கணினிகளுக்கு ஏற்ற அப்படியொரு விரைவான வழி இதுவரை யாருக்கும் தெரியாது. இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ பூட்டு, 617 இலக்க எண்களைக் கொண்டு அந்தக் கடினத்தின் மேல்தான் நிற்கிறது.

கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். எந்த ஊர்ப் பின்கோடானாலும் 1000க்குக் கீழுள்ள 168 பகா எண்களுக்கு மேல் தேவைப்படாது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும்.