கறை போகும், கம்பளம்?

கம்பள விரிப்பில் தேநீர் கொட்டிவிட்டதா? பிளீச்சிங் திரவத்தைத் தேடி ஓடுமுன், ஆசிரியர் துணையுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிக் குவளையில் சிறிது திரவம் எடுத்து, ஒரு கம்பளி இழையையும் ஒரு வெள்ளைப் பருத்தி நூலையும் அதில் இடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பருத்தி நூல் அப்படியே கிடக்கும். கம்பளியோ மஞ்சளாகி, வழவழத்து, கரையத் தொடங்கியிருக்கும்! பருத்தி செல்லுலோஸ். கம்பளி, நம் தலைமயிரைப் போலக் கெராட்டின் என்னும் புரதம். திரவத்திலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டு அப்புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது.

வெளுப்பான் கறையைப் பெயர்த்தெடுப்பதில்லை. ஒளியை உட்கவரும் மூலக்கூறுப் பகுதியை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கிறது, அவ்வளவே. கறை எது, விரிப்பின் சாயம் எது என்று அதற்குத் தெரியுமா, என்ன?

கம்பளிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவோ மேல். 1818-இல் தெனார் கண்டறிந்த இப்பொருள், இறுதியில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆயினும் இதுவும் சாயத்தை வெளுக்கக் கூடும். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு இட்டுப் பார்த்த பின்பே பயன்படுத்துங்கள்.

பிளீச்சிங் திரவத்துடன் கழிப்பறை அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் கிளம்புவது குளோரின்; 1915-இல் பெல்ஜியப் போர்முனையில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. அம்மோனியாவும் ஆகாது; குளோரமீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். நெடி ஏறினால் கறையை மறந்துவிட்டு உடனே வெளியேறுங்கள்.