ஒரு கேலனுக்கு எத்தனை மைல்? பெட்ரோல் பிக்கப்பும் டீசல் பிக்கப்பும்

அமெரிக்காவில் பெட்ரோலை 'கேஸ்' என்றே சொல்கிறார்கள். கேஸலின் என்னும் சொல்லின் சுருக்கமான இவ்வழக்கு, சமையல் வாயுவை அப்பெயரால் அழைத்துப் பழகிய தமிழ் வாசகரைச் சற்றுக் குழப்பக்கூடும். முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத் தொட்டியும் கொண்ட பிக்கப் டிரக், அந்நாட்டில் விவசாயியின் வண்டியாகத் தொடங்கிக் குடும்ப வண்டியாகவும் மாறிவிட்டது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை 1977 முதல் அங்கே மிக அதிகமாக விற்கும் டிரக்காக இருந்து வருகிறது. அத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர் நெடுநாள் யோசிக்கும் கேள்வி, கேஸ் என்ஜினா டீசல் என்ஜினா என்பது. டீசல் கூடுதல் மைலேஜ் தரும் என்ற பதில் உண்மையானதே. ஆனால் அந்தக் கூடுதலில் என்ஜினுக்கு உரியது எவ்வளவு, எரிபொருளுக்கு உரியது எவ்வளவு, சாலைக்கும் சுமைக்கும் உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காதவரை, அந்த உண்மை வாங்குபவருக்குப் பாதிப் பயனையே தரும்.

முதலில் கேலனையே கவனிக்க வேண்டும். ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், கேஸ் ஆனாலும் டீசல் ஆனாலும் அளவு இதுவே என்றாலும், உள்ளிருக்கும் ஆற்றல் ஒன்றல்ல. பத்து விழுக்காடு எத்தனால் கலந்து பங்க்குகளில் விற்கப்படும் ஒரு கேலன் கேஸ் ஏறத்தாழ 1,20,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஆற்றலையும், ஒரு கேலன் டீசல் ஏறத்தாழ 1,37,000 அலகையும் கொண்டிருக்கின்றன. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் பெட்ரோலும் டீசலும் ஏறக்குறைய ஒரே ஆற்றலைத்தான் தருகின்றன. டீசல் அடர்த்தி மிகுந்ததாகையால் ஒரே அளவுள்ள பாத்திரத்தில் அதிக எடை அடங்குகிறது, அவ்வளவே. ஆகவே இரண்டு என்ஜின்களும் சமமான திறமையுடையவையாக இருந்தாலும்கூட, டீசல் வண்டி ஒரு கேலனுக்குச் சுமார் 14 விழுக்காடு அதிக தூரம் ஓடியே தீரும். கரிக் கணக்கும் இதே வழியில்தான் செல்கிறது: ஒரு கேலன் கேஸ் எரியும்போது சுமார் 8.9 கிலோகிராமும், ஒரு கேலன் டீசல் எரியும்போது சுமார் 10.2 கிலோகிராமும் கரியமில வாயு வெளியாகிறது.

எஞ்சிய ஆதாயமே என்ஜினுக்கு உரியது, அது சிறியதன்று. பெட்ரோல் என்ஜினில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ 14.7-க்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் சேர வேண்டியிருப்பதால், குறைந்த விசை போதுமான நேரத்தில் எரிபொருளோடு காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காகக் காற்றுப் பாதையில் திராட்டில் எனப்படும் தடுப்பிதழ் பொருத்தப்பட்டிருக்கிறது. சமதளச் சாலையில் வெறும் வண்டி மெல்ல ஓடும்போது இவ்விதழ் பெரும்பாலும் மூடியே இருக்க, பிஸ்டன்கள் அந்த இடுக்கின் வழியே மூச்சு வாங்கத் திணறுவதிலேயே எரிபொருளின் ஒரு பகுதி வீணாகிறது. டீசல் என்ஜினில் விசையைக் கட்டுப்படுத்துவது தெளிக்கப்படும் எரிபொருளின் அளவு மட்டுமே. காற்றை அது தடையின்றி இழுத்துக்கொள்கிறது. மேலும், பெட்ரோல் கலவை உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு என்ஜின் 'தட்டும்' என்ற அச்சம் டீசலில் இல்லாததால், காற்றை இன்னும் இறுக்கமாக அழுத்த முடிகிறது. பிக்கப் வண்டிகளின் பெட்ரோல் என்ஜின்களில் அழுத்த விகிதம் பத்து, பதினொன்று என்றிருக்க, டீசலில் அது பதினைந்தோ அதற்கு மேலோ இருக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய என்ஜின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வேலையாக மாற்றி அக்காலப் பொறியாளர்களை வியக்க வைத்ததற்குக் காரணமும் இந்த அழுத்தந்தான்.

இந்த விளக்கத்திலிருந்து ஒரு முடிவு தானாகவே பிறக்கிறது. திராட்டிலால் வரும் இழப்பு விசை குறைவாகத் தேவைப்படும் நேரத்துக்கே உரியதாகையால், நின்றபடியே என்ஜின் ஓடும்போதும் நிதானமாக ஊர்ந்து செல்லும்போதும் டீசலின் சிக்கனம் தெளிவாகத் தெரிகிறது. கனத்த சுமையோடு பெட்ரோல் என்ஜினின் திராட்டில் முழுதும் திறந்துவிட்டால் அந்த வேறுபாடு சுருங்கிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த நிலையில் வேறொரு செலவு தலைதூக்குகிறது. நெடுநேரம் முழு விசையில் உழைக்கும் பெட்ரோல் என்ஜின், வால்வுகளும் புகை வழியில் உள்ள வினையூக்கியும் வெந்து போகாமலிருக்கத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்து, எரியாத எரிபொருளின் குளிர்ச்சியைக் கொண்டே தன்னைக் காத்துக்கொள்வதுண்டு. மலையேறும்போது கேஸ் வண்டியின் எரிபொருள் முள் கண்முன்னே இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விற்பனைக்கு நிற்கும் வண்டியின் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் அரசுச் சீட்டு இவற்றையெல்லாம் சொல்வதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த முறைப்படி, வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, முன்பே எழுதப்பட்ட வேக அட்டவணையின்படி ஓட்டிப் பெறும் எண்களே அச்சீட்டில் இடம்பெறுகின்றன. நெடுஞ்சாலைக்கென 1970-களில் வகுக்கப்பட்ட ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல். உச்ச வேகம் 60 மைல்தான். எண்கள் நடைமுறையோடு ஒத்துப்போகவில்லை என்ற குறை நெடுங்காலம் நீடித்ததால், 2008-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து 80 மைல் வரை செல்லும் வேக ஓட்டம், ஏசி ஓட்டம், குளிர்நாள் ஓட்டம் ஆகியவையும் கணக்கில் சேர்க்கப்பட்டன. இம்முறையில் 2018-இல் ஃபோர்டு எஃப்-150 டீசல் நெடுஞ்சாலையில் ஒரு கேலனுக்கு 30 மைல் என்ற மதிப்பைப் பெற்றது. 2020-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஷெவ்ரலே சில்வராடோவின் மூன்று லிட்டர் டீசல், பின்சக்கர இயக்கத்தில் 33 மைல் என்ற மதிப்பைப் பெற்றது. நம் கணக்கில் அது லிட்டருக்கு 14 கிலோமீட்டர். அந்த உருவத்துக்கு அது பாராட்டத்தக்க எண் என்பதில் ஐயமில்லை.

ஆனால் டீசல் என்றாலே அமெரிக்கர் நினைக்கும் பெரிய பிக்கப்புகள், அதாவது முக்கால் டன், ஒரு டன் என்று பழைய பெயர்களால் இன்றும் அழைக்கப்படும் ரகங்கள், இந்தச் சீட்டையே கொண்டிருப்பதில்லை. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்புக்கு மைலேஜ் சீட்டு கட்டாயமில்லை என்பது விதி. ஓர் இல்லத்தின் மதிப்பில் கணிசமான பங்கை விழுங்கும் வண்டியை, அது எவ்வளவு குடிக்கும் என்ற அதிகாரபூர்வமான ஒரு சொல்லும் இல்லாமல் ஒருவர் வாங்க வேண்டியிருப்பது நியாயமற்ற ஏற்பாடு. அதிகம் குடிக்கும் வண்டிக்கே அதிகத் தெளிவு தேவை. அதனால்தான் பெரிய பிக்கப் உரிமையாளர்கள் தாங்களே கணக்கு எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு எளிதாகத் தோன்றினாலும் கவனத்தை வேண்டுகிறது. பங்க்கில் குழாயின் பிடி தானாக விடுபடும் ஓசை கேட்கும்வரை டேங்க்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதே பங்க்கில் அதே போல நிரப்பி, ஓடிய மைலைப் பிடித்த கேலனால் வகுக்க வேண்டும். டீசல் நுரைக்கும் தன்மையுடையது. வேகமாக நிரப்பினால் நுரை மேலெழுந்து, டேங்க் நிறையும் முன்பே குழாய் தன்னை மூடிக்கொள்ளும். ஒரு முறை இரண்டு கேலன் குறைவாக நிரப்பிவிட்டு அதைக் கவனிக்காதவரின் குறிப்பேட்டில் அன்றைய மைலேஜ் அபாரமாகவும், அடுத்த முறை பரிதாபமாகவும் இருக்கும். ஆகவே பல நிரப்பல்களின் கூட்டுத்தொகையைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டும். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிய வண்டியில் ஓடோமீட்டர் உண்மையைவிடக் குறைந்த தூரத்தைக் காட்டும் என்பதையும், டாஷ்போர்டுத் திரையில் தெரியும் எண் என்ஜின் கணினியின் மதிப்பீடு மட்டுமே என்பதையும் மறக்கலாகாது.

வேகமும் காற்றும் செய்யும் வேலை என்ஜின் வேறுபாட்டையே மறைத்துவிடக்கூடியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 65 மைலிலிருந்து 75 மைலுக்கு வேகத்தைக் கூட்டும்போது அந்த எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. 65-இல் செல்லும் கேஸ் வண்டியும் 78-இல் பறக்கும் டீசல் வண்டியும் மைலேஜில் நெருங்கி வருவதற்கு இதுவே காரணம். பின்னால் மாட்டப்படும் டிரெய்லரிலும் எடையைவிட உருவமே பல நேரங்களில் அதிகம் குடிக்க வைக்கிறது: தாழ்வான தட்டு டிரெய்லரில் ஏற்றிய டிராக்டரைவிட, எடை குறைந்த, ஆனால் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் வீட்டு டிரெய்லர் சமவெளியில் அதிக எரிபொருளைக் கேட்கும். மலைச் சாலையில் நிலைமை மாறுகிறது. கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை 11,000 அடிக்கு மேலேறி ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் நுழையும் இடத்தில், காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் தன் வலுவில் கணிசமான பங்கை இழந்து, கியரைக் குறைத்து அலற வேண்டியிருக்கிறது. புகையின் விசையால் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் டர்போவைக் கொண்ட டீசலோ குறைந்த சுழற்சியிலேயே இழுத்துச் செல்கிறது. சுமை கூடக் கூட இரண்டுக்கும் உள்ள விழுக்காட்டு வேறுபாடு விரிவதையே இழுவைக்குப் பயன்படுத்துவோர் பொதுவாகக் காண்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது, காலையில் மூன்று மைல் பள்ளிக்கும் மாலையில் நான்கு மைல் கடைக்கும் போய்வரும் வாழ்க்கை. இன்றைய டீசல் வண்டியில் புகையின் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிறைந்ததும், புகைவழிக்குக் கூடுதல் டீசலை அனுப்பிச் சூடேற்றி, சேர்ந்த கரியைச் சாம்பலாக்கிக்கொள்கிறது. அச்சமயத்தில் எரியும் டீசல் வண்டியை ஓரடிகூட நகர்த்துவதில்லை. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் புகை இயல்பாகவே சூடாக இருப்பதால் இந்தச் செலவு சிறிது. என்ஜின் சூடாகும் முன்பே அணைக்கப்படும் வண்டியில் வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொண்டு, டீசலின் ஆதாயத்தை நாள்தோறும் அரிக்கிறது. இத்துடன் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கும் யூரியாக் கரைசல் வேறு வேண்டும்; 32.5 விழுக்காடு யூரியாவும் எஞ்சியது தூய நீருமான அக்கரைசல், நூறு கேலன் டீசலுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று கேலன் செலவாகிறது.

மைல் கணக்கைப் பணமாக மாற்றும்போது ஓர் எண்மயக்கம் குறுக்கிடுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் சுட்டிக்காட்டியபடி, ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்ற அளவு மனத்தை ஏமாற்றக்கூடியது. 15 மைலிலிருந்து 20 மைலுக்கு உயர்வதும், 20-லிருந்து 25-க்கு உயர்வதும் ஒரே ஐந்து மைல் முன்னேற்றம்போல் தோன்றினாலும், நூறு மைல் ஓட்டத்தில் முதலாவது 1.67 கேலனையும் இரண்டாவது ஒரு கேலனை மட்டுமே மிச்சப்படுத்துகின்றன. சுமை இழுத்து எட்டு மைலுக்கு இறங்கிவிட்ட வண்டியில் இரண்டு மைல் கூடுவது, வெறும் வண்டியில் ஆறு மைல் கூடுவதைவிட அதிகக் கேலனை மிச்சப்படுத்தலாம்.

விலையைப் பொறுத்தவரை, டீசல் மலிவானது என்று மானியக் காலத்தில் பழகிய இந்திய மனம் அமெரிக்கச் சந்தையில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே 2004-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலிருந்து பெரும்பாலும் டீசலே விலை கூடியது; நடுவண் வரியும் கேஸுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும், அரை டன் எனப்படும் சிறிய ரகப் பிக்கப் ஒன்று கேஸில் 19 மைலும் டீசலில் 25 மைலும் தருவதாகக் கொண்டால், முன்னது சுமார் 790 கேலனும் பின்னது 600 கேலனும் குடிக்கும். கேஸ் 3.20 டாலருக்கும் டீசல் 3.80 டாலருக்கும் விற்கும் நாளில் மிச்சம் ஆண்டுக்கு 250 டாலருக்கும் குறைவு. இரண்டும் ஒரே விலைக்கு விற்றால் அதுவே 600 டாலராகிவிடும். சில்வராடோவின் மூன்று லிட்டர் டீசலுக்கு 2020 மாடலில் அடிப்படை வி-8 என்ஜினைவிடக் கூடுதலாகக் கேட்கப்பட்ட தொகை 2,495 டாலர் என்பதால், பங்க் விலைப்பலகையைப் பொறுத்து அது நான்கு ஆண்டிலும் மீளலாம், பத்து ஆண்டும் ஆகலாம். இதே எடுத்துக்காட்டில் கரியமில வாயு மைலுக்கு 468 கிராமிலிருந்து 407 கிராமாகக் குறைகிறது. மைலேஜ் 32 விழுக்காடு உயர்ந்தும் கரி 13 விழுக்காடே குறைவதற்குக் காரணம், முன்னே சொன்ன எண்மயக்கமும் டீசல் கேலனின் அடர்த்தியும்.

பெரிய பிக்கப்பில் டீசலுக்கான கூடுதல் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி நிற்கிறது. ஆண்டுக்கு 20,000 மைல் டிரெய்லர் இழுத்து, கேஸில் எட்டும் டீசலில் பதினொன்றும் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், மேற்கண்ட விலைகளில் ஆண்டு மிச்சம் 1,100 டாலர் அளவுதான். எரிபொருள் மிச்சத்துக்காகவே பெரிய டீசல் வாங்குகிறேன் என்பவர் தவறான காரணத்தைச் சொல்கிறார். இறக்கத்தில் புகைவழியை நெருக்கி வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிரேக், குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசை, மறுவிற்பனை மதிப்பு ஆகியவையே வலுவான காரணங்கள். அரை டன் ரகத்தில் ஃபோர்டு 2021-ஆம் ஆண்டு மாடலோடும் ராம் நிறுவனம் 2023 ஜனவரியிலும் டீசலைக் கைவிட்டுவிட்டன.

இனி, இந்த மைலேஜ் வேட்டையின் இருண்ட பக்கம். புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் எரிபொருளைச் சற்றுக் கேட்பதால், அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜின் கணினியை மாற்றி எழுதும் சட்டவிரோத வழக்கம் பரவியது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகள் இவ்வாறு மாற்றப்பட்டதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணித்தது. தயாரிப்பாளர் தரப்பிலும் குற்றச்சாட்டுகள் எழுந்தன: ராம் பிக்கப் என்ஜின்களில் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததென்ற வழக்கில், அவற்றைத் தயாரித்த கம்மின்ஸ் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 167.5 கோடி டாலர் அபராதம் செலுத்த 2023 டிசம்பரில் இணங்கியது; தூய காற்றுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட மிகப் பெரிய உரிமையியல் அபராதம் அதுவே. உரிமையாளர்கள் பெருமையோடு பகிரும் சில வியப்பூட்டும் டீசல் எண்கள், வடிகட்டி இல்லாத வண்டிகளிலிருந்து வருபவை. சட்டப்படியான வண்டியை வாங்குபவர் அவற்றைத் தமக்கு அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் டீசல் பிக்கப்பின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால், பல்லாயிரம் மைல் ஓடிய பின்னும் விரல் ஏறக்குறையச் சுத்தமாகவே வெளிவரும். வடிகட்டி கழற்றப்பட்ட வண்டியில் அதே விரல் மைபோல் கறுத்துவிடுகிறது. குழாயில் ஒட்டாமல் போன எஞ்சிய கரி, பின்னால் வருகிறவரின் நுரையீரலுக்குப் போயிருக்கிறது.