மழலைக் கூடம் – 12: யார் ஜாடை?

பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் வைப்பதற்கு முன்பே பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிடும். மூக்கு அப்பா வழி, காது மாமன் வழி, நெற்றி காலமான பாட்டியுடையது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றபடியே சொந்தபந்தங்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிடிவாதம் மட்டும் எப்போதும் எதிர்த்தரப்பின் சொத்து.

போன வாரம் முதல் பல் முளைத்த கதையோடு நிறுத்தியிருந்தோம். பல் வந்த பிள்ளைக்கு அடுத்து வருவது குணம். நடக்கிற விதம், முறைக்கிற விதம், திருட்டு முழி. அப்போதுதான் இந்த ஜாடைப் பஞ்சாயத்து சூடு பிடிக்கும். இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஓர் அப்பா தன் மகனின் சேட்டைகளை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதி வைத்தார்.

1839 டிசம்பர் 27 அன்று லண்டனில் வில்லியம் பிறந்தான். அப்பா சார்லஸ் டார்வின். அம்மா எம்மா, சார்லஸின் தாய்மாமன் மகள். நம் ஊர்க் கணக்கில் அசல் முறைப்பெண்தான். என்ன, மாப்பிள்ளையைவிடச் சில மாதங்கள் மூத்தவர், நம்முடைய பெரிசுகள் கொஞ்சம் முனகியிருக்கும். பையனின் அப்பாவைப் பெற்ற பாட்டியும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். மூக்கு எந்த வழி என்று இரண்டு பக்கமும் சண்டை போட அங்கே வாய்ப்பு கம்மி.

அந்த மூக்குக்கு ஒரு பூர்வகதையும் உண்டு. 1831-இல் பீகிள் கப்பலில் டார்வினைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்த கேப்டன் ஃபிட்ஸ்ராய் முகலட்சணத்தில் நம்பிக்கை உள்ளவர். இப்படிப்பட்ட மூக்கு இருப்பவனுக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிற்பாடு சமாதானமாகி ஏற்றிக்கொண்டார். தன் வரலாற்றில் டார்வின் இதை ரசித்து எழுதியிருக்கிறார்.

வில்லியம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஜென்னி என்ற ஒராங்குட்டானைப் போய்ப் பார்த்திருந்தார். காவலாளி ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்க மறுத்ததும் அது மல்லாந்து விழுந்து, காலை உதைத்துக்கொண்டு அழுததைப் பார்த்து, அடம்பிடிக்கும் குழந்தையேதான் என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினார். ஆகவே வீட்டிலேயே ஒரு குழந்தை கிடைத்ததும் விடுவாரா? ஏழாம் நாளே ஒரு துண்டுக் காகிதத்தால் அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாயிற்று. பையன் காலை வெடுக்கென்று இழுத்து, விரல்களைச் சுருட்டிக்கொண்டான். நாலரை மாதத்தில் ஒருநாள், அதுவரை செய்யாத ஒரு சத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்து பலமாகக் குறட்டை விட்டுக் காட்டினார். பிள்ளை முகம் மாறி வீறிட்டு அழுதது. நம் வீட்டு அம்மாக்கள் என்றால் அந்த அப்பாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு கிடைத்திருக்காது. எம்மாவோ அதே நோட்டில் தன் கையாலும் குறிப்புகள் எழுதினார்.

ஏழு மாதம் தாண்டியதும் கைக்குள் அடங்காமல் உருண்டு போன எலுமிச்சம்பழத்தின் மேல் கோபம். பதினொரு மாதத்தில், கேட்ட பொம்மை வராமல் வேறொன்று வந்தால் அதற்கு அடி. ஒரு வயதில் சாப்பாட்டுக்குத் தானாகவே ‘மம்’ என்று பெயர் வைத்தான். அங்கேயும் மம்முதான். தங்கை ஆனியை அப்பா எடை போட்டபோது பொறாமை. அப்பா பெரிய பொம்மை ஒன்றைக் கொஞ்சியபோதும் அதே பொறாமை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சர்க்கரைத் திருட்டு. இரண்டரை வயது தாண்டியிருக்கிறது. சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்தவனை டார்வின் எதிர்கொள்கிறார். கண்ணில் ஒரு மாதிரிப் பளபளப்பு, நடையில் இல்லாத ஒரு தினுசு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்; தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த பொடித்த சர்க்கரையில் கை வைத்திருக்கிறான் பையன். ஒரு முறைகூட அவனைத் தண்டித்ததில்லை. ஆகவே பயத்தினால் வந்த முழி அல்ல, ருசித்த சந்தோஷமும் மனசாட்சியும் மல்லுக்கட்டுவதால் வந்தது என்று எழுதுகிறார். இரண்டு வாரம் கழித்து அதே அறை வாசல், அதே பையன். இந்தத் தடவை மேலாடையைப் பத்திரமாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதையே குனிந்து பார்த்தபடி வருகிறான். உள்ளே என்ன என்றால் ஒன்றுமில்லை என்கிறான். போ, போ என்று அப்பாவையே விரட்டுகிறான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாறு! ஆக, ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்பது உலகப் பொதுவிதி.

இந்த நோட்டு 37 வருஷம் தனிக் கட்டுரையாகாமல் கிடந்தது. பிரெஞ்சு அறிஞர் ஹிப்போலித் தேன் தன் குழந்தை பேசப் பழகியதைப் பற்றி எழுதியது ‘மைண்ட்’ இதழில் வந்ததும் டார்வினுக்குப் பழைய ஞாபகம் வந்து, தேடி எடுத்து, 1877-இல் அதே இதழில் கட்டுரையாக்கினார். அதில் ஜாடைப் பஞ்சாயத்து இரண்டு இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

ஒன்று, கை. 77-ஆம் நாள் பால் புட்டியை வில்லியம் வலக்கையால் பிடித்தான். தாதி எந்தப் பக்கம் தூக்கி வைத்திருந்தாலும் வலக்கைதான். இடக்கைக்கு அந்தச் சாமர்த்தியம் வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. சரி, வலக்கைக்காரன் என்று முடிவு கட்டினால், வளர்ந்தபின் பையன் பீச்சாங்கைக்காரன்! தாத்தாவும் அம்மாவும் தம்பி ஒருவனும் இடக்கைக்காரர்கள் என்பதால் இது வழிவழியாய் வந்ததே என்றார் டார்வின். இடக்கைப் பழக்கம் குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்பதை இன்றைய மரபியலும் ஒப்புக்கொள்கிறது; ஆனால் ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை அது.

இன்னொன்று, எறிவது. இரண்டேகால் வயதில் கோபம் வந்தால் புத்தகமோ குச்சியோ எது கிடைத்தாலும் ஆளைப் பார்த்து எறிவதில் வில்லியம் கில்லாடி. அடுத்தடுத்துப் பிறந்த மகன்களில் சிலரும் அப்படியே. மகள்களிடம் அது மருந்துக்கும் இல்லையாம். ஆகவே எறியும் குணம் ஆண்பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருகிறது என்று நினைத்தார். இங்கே விஞ்ஞானி கண்ணயர்ந்து அப்பா பேசுகிறார் என்பேன். எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். டிவி ரிமோட்டை அவள் வீசும் வேகத்தைப் பார்த்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டிருப்பார்.

ஆனால் 1872-இல் வெளியான ‘மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு’ நூலில் அவர் சொல்லும் குடும்பம் லேசுப்பட்டதல்ல. ஃபிரான்சிஸ் கால்டன் தந்த தகவல் அது. ஒரு கனவான் மல்லாந்து ஆழ்ந்து தூங்கும்போது வலக்கை மெல்ல எழும்பி நெற்றி வரை வரும். பிறகு சடாரென்று விழுந்து மணிக்கட்டு மூக்குத்தண்டில் இடிக்கும். எடுப்பான மூக்கு வேறு, புண்ணாகிப் போகும். அவர் காலமாகிப் பல வருஷம் கழித்து மகனுக்குக் கல்யாணம் ஆனது. மாமனாரின் கதை எதுவும் தெரியாத மருமகள், தன் கணவன் தூக்கத்தில் அதே கையால் அதே இடத்தில் இடித்துக்கொள்வதைப் பார்த்தாள். மூக்கு அவ்வளவு நீளமில்லாததால் மகன் பிழைத்தார். பேத்திக்கும் அதே வழக்கம், கொஞ்சம் மாறுதலோடு: மணிக்கட்டுக்குப் பதில் பாதி மூடிய உள்ளங்கை. தூங்குகிற அப்பாவைப் பார்த்துத் தூக்கத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. ‘பார்த்துப் பழகிக்கிட்டான்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அது செல்லுகிற இடமும் அதே டார்வின் வீட்டிலேயே இருந்தது. அவருக்குச் சதா வயிற்றுக் கோளாறு. பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். ஆனி 1851-இல், பத்து வயதில். சொந்தத்தில் கட்டியதுதான் காரணமோ என்ற பயம் அவரை விடவேயில்லை. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தை-மாமன் பிள்ளைகள் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க முயன்றார், நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. மிச்சமிருந்த பிள்ளைகளுக்குச் சின்னத் தும்மல் வந்தாலும் அதில் தன் சீக்கைத் தேடினார். அந்த வீட்டில் நோயாளிக்குக் கிடைத்த கவனிப்பு இருக்கிறதே, ராஜ உபசாரம். பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் உடம்பைப் பற்றிய கவலையைக் கைவிடவில்லை என்று டார்வினின் பேத்தி க்வென் ராவராட் ‘பீரியட் பீஸ்’ நூலில் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். இது ரத்தத்தில் வந்ததா, எம்மா ஊட்டிய கஞ்சியில் வந்ததா? என் ஓட்டு கஞ்சிக்கே.

பெரியப்பா வில்லியத்தைப் பற்றியும் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். சௌதாம்ப்டனில் வங்கி நடத்திய வில்லியத்துக்கு அப்பாவைப் போலவே தலை வழுக்கையாகிவிட்டது. 1882 ஏப்ரல் 26 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் டார்வினின் இறுதிச் சடங்கு. மூத்த மகனுக்கு முன்வரிசை. எங்கிருந்தோ குளிர்காற்று வந்து மொட்டைத் தலையில் பட்டிருக்கிறது. சளி பிடித்துவிட்டால்? மனிதர் தன் கறுப்புக் கையுறைகளைக் கழற்றி உச்சந்தலையில் பாந்தமாக வைத்துக்கொண்டார். நாடே பார்த்துக்கொண்டிருக்க, சடங்கு முடியும்வரை அவை விழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

(தொடரும்)