அல்ஹம்ராவின் நீதி வாயில்

மாளிகையின் மாண்பை அதன் வாயிலே முதற்கண் உரைக்கும். ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரில், குன்றின்மீது திகழும் அல்ஹம்ரா அரண்மனைக் கோட்டை இதற்குத் தக்க சான்றாகும். நஸ்ரீ மரபின் முதல் மன்னர் முஹம்மது 1238-இல் இதனைக் கட்டத் தொடங்கினார். இதன் தென்புறத்தே ஓங்கி நிற்பது ‘பாபுஷ் ஷரீஆ’ என்னும் வாயில். ஸ்பானியர் இதனை நீதி வாயில் என வழங்குவர். சுல்தான் முதலாம் யூசுஃப் ஹிஜ்ரி 749-இல், அதாவது கி.பி. 1348-இல், இதனை எழுப்பிய செய்தியை வாயிலின் அரபுக் கல்வெட்டே அறிவிக்கின்றது.

குதிரை லாட வடிவில் அமைந்த உயர்ந்த வெளிவளைவின் உச்சிக்கல்லில் ஒரு கை செதுக்கப்பட்டுள்ளது. உள்வளைவின் உச்சியில் ஒரு திறவுகோல் காணப்படுகின்றது. உள்வாயில் தூண்களின் தலைப்பகுதியில் கலிமா பொறிக்கப்பட்டுள்ளது. இரு வளைவுகளுக்கும் இடையே மேற்கூரையற்ற வெளி ஒன்றுண்டு. நுழையும் பகைவரை மேலிருந்து தாக்குதற்கு அமைத்த இடம் அது. அதற்கப்பால் வழி நேரே செல்லாது, பலமுறை திரும்பிச் செல்கின்றது. பகைவரின் விரைவைத் தடுக்கும் உத்தி இது. அழகும் அரணும் இங்கே ஒன்றாய் இணைந்துள்ளன.

கையும் திறவுகோலும் எதனைக் குறிக்கின்றன? ஐந்து விரல்கள் இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளைச் சுட்டுவன என்பர் சிலர். தீங்கை விலக்கும் காப்புச் சின்னமே கை என்பர் வேறு சிலர். திறவுகோலை ஆட்சியுரிமையின் அடையாளமாகவும், இறைவன் திறந்துவிடும் அருள்வழியின் குறியாகவும் கொள்வர். அக்கை கீழிறங்கித் திறவுகோலைப் பற்றும் நாளில் அரண்மனை தகர்ந்து வீழும் என்னும் நாடோடிக் கதையை அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1832-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

கை இறங்கவில்லை, ஆட்சியோ வீழ்ந்தது. வாயிலை எழுப்பிய யூசுஃப், 1354-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று பள்ளிவாசலில் கொலையுண்டார். 1492 ஜனவரி 2-ஆம் நாள், இறுதி மன்னர் அபூ அப்தில்லாஹ் கிரானடாவை ஒப்படைத்தார். வென்றவர்கள் உள்வாயிலின் மேலே கன்னி மரியின் சிலையை நிறுவினர்; எனினும் அதன் கீழிருந்த அரபுக் கல்வெட்டை அழிக்கவில்லை. இன்றும் அக்கல்வெட்டு அம்முகப்பில் நிலைத்து நிற்கின்றது.

கல்லில் வடித்த திறவுகோல் கோட்டையைக் காக்கவில்லை. ஆயினும், அரண்மனைச் சுவரெங்கும் நஸ்ரீ மன்னர்கள் பொறித்த வாசகம் நிலைத்துள்ளது: ‘அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை.’ ஆண்டவரும் வென்றவரும் மறைந்த பின்னரும், அவ்வாயிலைக் கடந்து செல்வோர்க்கு அச்சுவர்கள் உரைக்கும் பாடம் அதுவேயாகும்.